கையெழுத்தைக் கடிவாளமாக்காதீர்கள்

தியானப் பகுதி: உபாகமம் 21:10-14; ரூத் 3:18

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

இந்த வாரத் தியானம் சிலருக்குக் கசப்பாயிருக்கும். ஆயினும் எழுதாமலிருக்க என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

அமெரிக்காவிலுள்ள தமிழ்ச் சபைகளில் நாம் குடியேற்றக் காரியங்களுக்காக ஊக்கமாய் ஜெபிக்கிறவர்கள். தூதரக நேர்காணல் நாளன்று உபவாசமிருக்கிறோம். கிரீன் கார்டு தபாலில் வந்துசேர்ந்தால் அடுத்த ஞாயிறே ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். ஆனால் திருமணத்தின் வழியாய் வந்த அந்த அட்டை, வீட்டின் கதவு சாத்தப்பட்ட பின்பு என்னவாய்ப் பயன்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. சில வீடுகளில் அது கடிவாளமாய்ப் பயன்படுகிறது.

"நான் ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும், உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்." ஊழியத்தின் ஆண்டுகளில் இந்த வாக்கியத்தைப் பலர் கண்ணீரோடு என்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஒரு வீட்டையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. ஆகவே ஒருவரும் அடுத்த வரிசையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். சொன்னவர் குடியுரிமை பெற்றவர். கேட்டவர் அவரை நம்பிக் கடல் கடந்து வந்தவர். உப்பு அதிகமானதற்கும், தாயாருக்குப் பணம் அனுப்பக் கேட்டதற்கும், வேலைக்குப் போக விரும்பியதற்கும் இதே வாக்கியம் பதிலாய் வந்திருக்கிறது.

இந்த வாக்கியம் பாவம். அதோடு, பெரும்பாலும் இது பொய்யும்கூட. பொய்யாயிருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பயத்தில் இருக்கிறவருக்குப் பிரசங்கத்துக்கு முன்பாக உண்மை வேண்டும்.

நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையாதிருந்தால், அரசு தருவது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டை. போலித் திருமணங்களைத் தடுக்க 1986-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் ஏற்பாடு இது. அட்டை காலாவதியாவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்னும் மனுவைக் கொடுத்தால் நிபந்தனை நீங்கி, 10 ஆண்டு அட்டை வரும். "சேர்ந்து" என்ற இந்த ஒரு சொல்லில்தான் சிலர் தங்கள் அதிகாரம் முழுவதையும் கட்டி வைத்திருக்கிறார்கள். "நான் கையெழுத்திடாவிட்டால் நீ என்ன செய்வாய்?" என்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று அதே சட்டம் சொல்லுகிறது. நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் மணமுறிவில் முடிந்திருந்தாலும், துணைவரால் அடிக்கப்பட்டிருந்தாலும், கடுங்கொடுமைக்கு உட்பட்டிருந்தாலும் அவர் தனியாகவே அந்த மனுவைக் கொடுக்கலாம். துணைவரின் கையெழுத்து தேவையில்லை; 90 நாள் கெடுவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. அட்டையே இன்னும் கைக்கு வராத நிலையிலும், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள துணைவரின் கொடுமைக்கு ஆளானவர், 1994-ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின்படி ஐ-360 என்னும் மனுவைத் தாமே கொடுக்கலாம். சட்டத்தின் பெயரில் பெண்கள் இருந்தாலும் கொடுமைக்குள்ளான கணவரும் அதைப் பயன்படுத்தலாம். இப்படி மனுச் செய்தவர்களைக் குறித்துக் கொடுமை செய்தவர் எழுதிப் போடுகிற கடிதத்தை மட்டும் ஆதாரமாய் வைத்து அதிகாரிகள் பாதகமாய் முடிவெடுக்கக் கூடாது என்றும், மனுவின் விவரங்களை வெளியிடக் கூடாது என்றும் கூட்டாட்சிச் சட்டம் தடுத்திருக்கிறது. கிரீன் கார்டு வழங்கப்பட்டபின், அதைத் தொலைபேசியில் அழைத்து ரத்து செய்யும் அதிகாரம் எந்தக் கணவனுக்கும் கொடுக்கப்படவில்லை. அது அரசின் விசாரணைக்கும் நீதிபதிக்கும் உரிய காரியம்.

இவையெல்லாம் எளிதில் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் வேண்டும், காலம் வேண்டும், குடியேற்றச் சட்டம் படித்த வழக்கறிஞர் வேண்டும். (சபையில் கணினி தெரிந்த சகோதரரிடம் படிவம் நிரப்பக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர் நல்லவர்தான், வழக்கறிஞர் அல்ல.) ஆனாலும் வழி இருக்கிறது. இல்லை என்று சொல்லி ஒரு ஆத்துமாவை அறைக்குள் அடைத்து வைக்கிறவர் பொய் சொல்லுகிறார்.

இப்போது பாவத்துக்கு வருகிறேன்.

உபாகமம் 21-ஆம் அதிகாரத்தில் நாம் பிரசங்கிக்கத் தயங்குகிற ஒரு பகுதி இருக்கிறது. யுத்தத்தில் பிடிபட்ட அந்நிய தேசத்துப் பெண்ணை இஸ்ரவேலன் ஒருவன் மனைவியாக்கிக்கொள்வதைப் பற்றியது. வாசிக்கவே மனம் கூசும். அவளுக்கு அந்த நாட்டில் தகப்பனில்லை, சகோதரனில்லை, அவள் மொழி பேசுகிறவனில்லை. வீட்டில் அவன் வைத்ததே சட்டம் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் நியாயப்பிரமாணம் அவன் கையைக் கட்டுகிறது. அவள் தன் தாய் தகப்பனுக்காக ஒரு மாதம் அழுவதற்கு அவன் வீட்டிலேயே இடங்கொடுக்க வேண்டும். பின்பு அவள்மேல் அவனுக்குப் பிரியமில்லாமற்போனால் அவள் விரும்பின இடத்துக்குப் போக விடவேண்டும். பணத்துக்கு விற்கலாகாது, அவளை வைத்து ஆதாயம் தேடலாகாது.

போரில் பிடிபட்டவளுக்கே கர்த்தர் இவ்வளவு வேலி அடைத்திருக்கிறார் என்றால், பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, சபையார் முன்பாக உடன்படிக்கை செய்து, நீங்கள் விமானச் சீட்டு அனுப்பி அழைத்துவந்த மனைவிக்கு எவ்வளவு வேலி இருக்கவேண்டும்? அவள் அழுவதற்கு ஒரு மாதம் கொடுத்தீர்களா? வந்த மூன்றாம் நாளே, "எப்பொழுதும் அம்மா வீட்டு நினைப்பா?" என்று கேட்டவர்கள் நம்மில் உண்டு. ஆதியாகமத்தில் தகப்பனையும் தாயையும் விட்டு வரும்படி சொல்லப்பட்டது புருஷனுக்கு என்பதையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் விட்டு வந்தது யார்?

ஆதாயம் என்ற சொல்லைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இந்தக் கடிவாளம் அமெரிக்காவில் செய்யப்பட்டதல்ல. ஊரிலேயே, கல்யாணப் பேச்சிலேயே பின்னப்பட்டது. மணமகள் தேவை என்று நம்மவர்கள் கொடுக்கிற விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் பெற்றவர், யு.எஸ். சிட்டிசன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதுகிறோம். மூன்றாவது தகுதிக்காகப் பவுன் கணக்கு ஏறுகிறது. பெண்ணைப் பெற்றவர்கள் நிலத்தை விற்கிறார்கள். மாப்பிள்ளையின் குடியுரிமைக்கு விலை வாங்கிவிட்டு, அதே குடியுரிமையைக் காட்டி அவளையே மிரட்டுவது எந்த ஊர் நியாயம்? விற்ற பொருளைத் திரும்பத் திரும்ப விற்கிற வியாபாரியைச் சந்தையில்கூட அடிப்பார்கள்.

பெண்ணைக் கொடுத்தவர்களும் தப்பமுடியாது. மகள் தொலைபேசியில் அழும்போது, "சிட்டிசன்ஷிப் வரும்வரை பொறுத்துக்கொள், தம்பிக்கும் அப்போது வழி பிறக்கும்" என்கிறீர்கள். அவளுடைய முதுகின்மேல் உங்கள் மகனுக்குப் படிக்கட்டு கட்டுகிறீர்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் தம் உடன்பிறந்தாருக்கு மனுக் கொடுத்தால் இந்தியர்களுக்கு அதன் வரிசை எத்தனை ஆண்டு நீளும் என்று யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா? பத்து ஆண்டுக்கும் மேல். அந்தப் பத்து ஆண்டும் அவள் அடி வாங்க வேண்டுமா?

ஆனால் என் கோபம் அதிகமாய் மூளுவது சபையின் மூப்பர்கள், மூத்த சகோதரிகள் சிலருடைய ஆலோசனையின்மேல்தான். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். "நீடிய பொறுமை ஆவியின் கனி அம்மா" என்பார்கள். "விசுவாசிகளுக்குள் வழக்குக் கூடாது" என்று 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவார்கள். பின்பு குரலைத் தாழ்த்தி, "மூன்று வருடம்தானே, சமாளித்துக்கொள்" என்பார்கள். இந்தக் கடைசி வரியில் வேதம் எங்கே இருக்கிறது? அது பொறுமையல்ல, கணக்கு. அதுவும் தப்பான கணக்கு. குடியுரிமை பெற்ற துணைவரோடு மணவாழ்வில் இணைந்து வாழ்ந்துவருகிறவர் நிரந்தரக் குடியிருப்பு பெற்று மூன்று ஆண்டில் என்-400 விண்ணப்பம் கொடுக்கலாம் என்பது உண்மை. பிரிந்துவிட்டவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டாலும், மற்ற எல்லாரையும்போல ஐந்து ஆண்டில் விண்ணப்பிக்கும் கதவு திறந்தே இருக்கிறது. கொடுமையின் நிமித்தம் தாமே மனுச் செய்து நிரந்தரக் குடியிருப்பு பெற்றவருக்கோ மூன்று ஆண்டு என்ற சலுகையும் உண்டு. ஆகவே, ஒரு சகோதரியைக் கொடுமையான கூரையின்கீழ் இருந்துகொள்ளச் சொல்லி நீங்கள் அவளுக்குச் சம்பாதித்துக் கொடுப்பது மிஞ்சினால் இரண்டு ஆண்டு. அதற்காக அவளுடைய உயிரைப் பணயம் வைக்கச் சொல்லுகிறீர்கள்.

பவுல் அப்போஸ்தலன் வழக்குக்குப் போகாதவரா? பிலிப்பி பட்டணத்தில் நியாயம் விசாரிக்காமல் அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள், மறுநாள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது அவர் போக மறுத்தார். ரோமக் குடிமகனாகிய தம்மை அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகும்படி சொன்னார். பின்பு இராயனுக்கே அபயமிட்டார். தமக்குச் சட்டம் தந்த பாதுகாப்பைப் பயன்படுத்துவதை அவர் விசுவாசக் குறைவாக எண்ணவில்லை. கொரிந்தியருக்கு எழுதியவரும் அவரே. சகோதரர்களுக்குள்ளே இருந்த வியாஜ்யங்களைப் பற்றி எழுதியதை, அடிபட்ட மனைவியின் வாயை அடைக்க எடுத்து உபயோகிக்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு என்பீர்கள். அட்டைக்காகவே கல்யாணம் செய்து, வந்தவுடன் விட்டுப்போகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அப்படி ஏமாற்றப்பட்டவர்களின் துக்கம் உண்மையானது. போலித் திருமணத்துக்குச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. அப்படிச் செய்தவர் என்று தீர்மானிக்கப்பட்டவருக்குப் பின்னால் வேறு எவர் மனுக் கொடுத்தாலும் அங்கீகாரம் கிடைக்காது. கர்த்தருடைய நாமத்தில் பொய் உடன்படிக்கை செய்ததற்கு வரும் கணக்கு அதற்கும் மேலானது. இதனால்தான், சேர்ந்து வாழாத தம்பதியர் "வாரந்தோறும் ஒன்றாய் ஆலயத்துக்கு வருகிறார்கள் என்று ஒரு கடிதம் தாருங்கள் பாஸ்டர்" என்று கேட்டால் நான் தருவதில்லை, இனியும் தரமாட்டேன். மெய்யாய் வாழ்கிறவர்களுக்கு எத்தனை கடிதமானாலும் சந்தோஷமாய் எழுதுவேன். எகிப்தின் எல்லையில் ஆபிரகாம் இருக்கிற திருமணத்தை இல்லையென்று மறைத்தார். நம்மில் சிலர் இல்லாததை இருக்கிறதென்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் தாய் ஒரே பயம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏமாற்றுகிறவர்கள் சிலர் உண்டு என்பதைக் காரணம் காட்டி, திருமணத்தின் வழியாய் வந்த ஒவ்வொருவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் நம் சபைகளில் வேர்விட்டிருக்கிறது. அதன் வேர் நீதி அல்ல, பொறாமை. எச்-1பி விசாவில் வந்து பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வரிசையில் நிற்கிறவர்கள் நம்மிடம் அநேகர். வேலைவழி கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியினால் இந்தியர்களின் வரிசை நகருவதேயில்லை. குடியுரிமை பெற்றவரின் கணவனுக்கோ மனைவிக்கோ அந்த எண்ணிக்கை வரம்பே கிடையாது. "நாங்கள் வரி கட்டி நிற்கிறோம், நேற்று வந்தவளுக்கு அட்டை வந்துவிட்டது" என்று காபி வேளையில் பேசிக்கொள்கிறீர்கள். உங்கள் வேதனை எனக்குத் தெரியும். அந்த வரிசை அநியாயமாய் நீளுகிறது என்பதே என் எண்ணமும். ஆயினும் திராட்சத்தோட்டத்தில் காலைமுதல் உழைத்தவர்கள், சாயங்கால வேளையில் வந்தவனைப் பார்த்து முறுமுறுத்தபோது வீட்டெஜமான் கேட்ட கேள்வி மத்தேயு 20-இல் இன்னும் பதில் இல்லாமலே இருக்கிறது. உங்கள் வரிசையை நீளமாக்கியவள் அந்தப் பெண் அல்ல.

மனைவியின் மனுவில் வந்த கணவன்மார் நிலைமையும் இதுதான், வேறு ருசியில். அவர்களை "டிபெண்டன்ட் மாப்பிள்ளை" என்று கேலிசெய்து சிரிப்பவர்கள் ஆராதனை முடிந்ததும் கைகுலுக்குகிறார்கள். வேலை அனுமதி வராமல் வீட்டிலிருந்த மாதங்களைச் சொல்லிக்காட்டி மனைவியே மிரட்டுவதும் உண்டு. கடிவாளத்தைப் பிடித்திருப்பது வளையல் கையானாலும் அது கடிவாளமே.

ஸ்பான்சர் செய்தவர்களிடம் நேரடியாய்ப் பேசவேண்டும். ஐ-864 என்றொரு படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டீர்கள். பலரும் வாசியாமலே இட்டிருப்பீர்கள். வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இவரைத் தாங்குவேன் என்று அரசுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு அது. மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தக் கடமை தீராது. உங்கள் துணைவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது நாற்பது காலாண்டு உழைப்புக் கணக்கு அவருக்குச் சேரும்வரை, அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாய்ப் போகும்வரை, அல்லது மரணம்வரை அது நிற்கும். அவர் அதைக்கொண்டு உங்கள்மேல் நீதிமன்றத்தில் வழக்கிடவும் கூடும். ஆகவே எழுத்தின்படி பார்த்தால் கட்டப்பட்டவர் நீங்கள்தான். "உன்னை நான் தாங்குகிறேன்" என்பதை நாளெல்லாம் சொல்லிக்காட்டுகிறவரே, தாங்குவதாக நீங்கள்தானே இரண்டுமுறை வாக்குக் கொடுத்தீர்கள், ஒன்று பலிபீடத்துக்கு முன்பாக, ஒன்று அமெரிக்க அரசுக்கு முன்பாக? மல்கியா இரண்டாம் அதிகாரத்தில், உடன்படிக்கையின் மனைவிக்குத் துரோகம் செய்கிறவனுடைய காணிக்கையைக் கர்த்தர் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்று தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். தசமபாகத்தைச் சரியாய்க் கொடுத்துவிட்டு மனைவியின் பாஸ்போர்ட்டைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறவர்கள் அந்த அதிகாரத்தை இன்று மாலை வாசிக்கட்டும்.

திருமணம் மெய்யானது என்று காட்டுவதற்காக வங்கிக் கணக்கில் மனைவியின் பெயரைச் சேர்க்கிறீர்கள். வாடகை ஒப்பந்தத்திலும், காப்பீட்டிலும், மின்கட்டண ரசீதிலும் சேர்க்கிறீர்கள். குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பும் கட்டில் எல்லாம் இரட்டைப் பெயர். ஆனால் அந்தக் கணக்கின் அட்டை அவள் கையில் இல்லை. கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது. அப்படியானால் நீங்கள் அரசுக்கு அனுப்பியது என்ன சாட்சி? காகிதத்தில் மட்டும் இருக்கிற திருமணம் என்று யாரைச் சொல்லவேண்டும்?

போவாஸைப் பாருங்கள். ரூத் மோவாபியப் பெண். வயல்வெளியிலும் ஊர்வாசலிலும் மோவாபியள் என்றே அவளை அழைத்தார்கள். அவளை மணந்து சேர்த்துக்கொள்ளுவதற்கு ஒரு சட்டமுறை இருந்தது. முன்னுரிமை உள்ள வேறொருவன் இருந்தான். மூப்பர் பத்துப்பேர் தேவைப்பட்டார்கள். போவாஸ் அதை இழுத்தடிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நீ நடந்துகொள்கிறதைப் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவளை வாசற்படியில் நிறுத்தி வைக்கவில்லை. அவனை அறிந்திருந்த நகோமி, இன்றைக்கே இதை முடிக்காமல் அந்த மனிதன் ஓயமாட்டான் என்று மருமகளிடம் உறுதியாய்ச் சொல்ல முடிந்தது. உங்கள் மாமியார் உங்களைக் குறித்து இப்படிச் சொல்ல முடியுமா? கல்யாணமாகி ஆண்டுகள் கடந்தும் ஐ-130 மனுவே கொடுக்காமல், "நேரம் வரட்டும்" என்று வைத்திருக்கிற வீடுகளை நான் அறிவேன். எதற்கு நேரம் வரவேண்டும்?

குடியுரிமை பெறும் நாளில் நம் சகோதர சகோதரிகள் கையை உயர்த்தி, பிறந்த நாட்டின்மேலுள்ள பழைய விசுவாசப் பிணைப்பைத் துறப்பதாக உறுதிமொழி எடுக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. நீலநிறப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிறு காரியமல்ல அது. அந்த நாள் சிலருக்கு விடுதலை நாளாய் இருப்பதை நான் கண்டிருக்கிறேன், அமெரிக்கர் ஆனதற்காக அல்ல, இனி கணவன் மிரட்ட முடியாது என்பதற்காக. கிறிஸ்தவ வீடொன்றில் அப்படிப்பட்ட சந்தோஷம் ஏன் உண்டாகவேண்டும்?

ஆகவே சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் துணைவரின் அட்டையை எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு அட்டையாயிருந்தால், அந்தத் தேதிக்கு முந்திய 90 நாட்களை நாட்காட்டியில் குறித்து, கேட்கப்படும் முன்பே கையெழுத்திடுங்கள். மனுவே கொடுக்காமல் விட்டால் அந்த அந்தஸ்து தானாகவே முடிவுக்கு வந்துவிடும். பாஸ்போர்ட், அட்டை, பிறப்புச் சான்று, திருமணச் சான்று இவையெல்லாம் அவர்களுடைய கையில் இருக்கட்டும். மூப்பர்களே, இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள். வந்தவரின் அனுமதியில்லாமல் வீட்டாருக்குத் தொலைபேசி செய்யாதீர்கள்.

ஆபத்தான நிலையிலிருக்கிறவர்கள் 911-ஐ அழையுங்கள். பேசவாவது ஒருவர் வேண்டும் என்றால் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233; இரவிலும் பகலிலும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் உதவியும் கேட்கலாம். என்னிடமோ என் மனைவியிடமோ பேச விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குப் போகும் வேளையில் வரலாம். குடும்பமாய் வரவேண்டியதில்லை. நீங்கள் வந்தது உங்கள் வீட்டாருக்குத் தெரியவராது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்